விரலி என்பது மஞ்சளா, மீனா?

சொல் விளக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சேலம் லீ பஜாரில் மஞ்சள் வணிகம் செய்து வருகிறது. விரலி என்று சொன்னால் எங்கள் வீட்டில் குழந்தை கூட மஞ்சளைத்தான் நினைக்கும். சென்ற மாதம் மேட்டூருக்குப் போயிருந்தபோது, அணைக்குச் சற்றுத் தள்ளி ஒரு தனியார் மீன் பண்ணையின் பலகையில், ‘நுண்மீன் குஞ்சு, ஃப்ரை, விரலி கிடைக்கும்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். உடன் வந்த என் பேத்தி, “தாத்தா, இங்கே மீன் ஃப்ரையும் விற்கிறார்கள், மஞ்சளும் விற்கிறார்கள்” என்றாள். விசாரித்த பிறகுதான் மூன்றுமே உயிருள்ள மீன் குஞ்சுகளின் பெயர்கள் என்று தெரிந்தது. இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? மீனின் இளமைக்குத் தமிழில் தனிச்சொல் கிடையாதா? குஞ்சு என்பது கோழிக்கு உரிய சொல் அல்லவா?
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: பேத்தியின் ஐயம் முற்றிலும் நியாயமானது. அந்தப் பலகையில் இருந்த மூன்று சொற்களும் மூன்று திசைகளிலிருந்து வந்து சேர்ந்தவை. ஒன்று கோழிக் கூண்டிலிருந்து வந்ததுபோல் தோன்றுவது. ஒன்று கடல் கடந்து வந்தது. இன்னொன்று உங்கள் கடைச் சரக்கின் பெயரைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறது.

முதலில் அவை எதைக் குறிக்கின்றன என்பதைப் பார்த்துவிடுவோம். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டை இனங்களின் முட்டைகள், நம் ஊர் வெப்பத்தில், கருவுற்ற 14 முதல் 18 மணி நேரத்துக்குள் பொரிந்துவிடுகின்றன. வெளியே வரும் உயிர் கண்ணிமை மயிரின் அளவுதான் இருக்கும். அதற்கு அப்போது வாய்கூடத் திறந்திராது; வயிற்றோடு ஒட்டியிருக்கும் கருவுணவுப் பைதான் முதல் மூன்று நாளைக்கு அதற்குச் சோறு. அந்தப் பை வற்றி, ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளம் வரை இருக்கும் பருவத்தை நுண்மீன் குஞ்சு என்கிறார்கள். அதை நாற்றங்கால் குளத்தில் விட்டு 15, 20 நாள் வளர்த்தால் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை நீளும். 40 மில்லிமீட்டரை எட்டும் வரை அது இளங்குஞ்சு. பலகையில் ஃப்ரை என்று எழுதியிருந்தது இதைத்தான். பின்னர் வேறொரு குளத்துக்கு மாற்றி இரண்டு மூன்று மாதம் வைத்திருந்தால் ஆள்காட்டி விரலின் நீளத்துக்கு வந்துவிடும். அதுவே விரலி. ஏரியிலும் அணையிலும் விடுவதற்கு இந்தப் பருவமே ஏற்றது. இதைவிடச் சிறியதாக விட்டால் பெரிய மீன்களுக்கு விருந்து வைத்ததாகத்தான் முடியும்.

இனி, பேத்தியைக் குழப்பிய ஃப்ரை. ஆங்கிலத்தில் எண்ணெயில் பொரிப்பதைக் குறிக்கும் சொல்லும் மீன் குஞ்சைக் குறிக்கும் சொல்லும் எழுத்திலும் ஒலிப்பிலும் ஒன்றேயானாலும் பிறப்பால் வேறானவை. அடுப்படிச் சொல், வறுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. குளத்துச் சொல்லுக்கோ அறிஞர்கள் இரண்டு வழி காட்டுகிறார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளின் பழைய நார்ஸ் மொழியில் விதை என்னும் பொருளுடைய ஃப்ரியோ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. பழைய பிரெஞ்சு மொழியில் மீன் சினையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. அந்தச் சொல்லுக்கு அடிப்படையாகத் தேய்த்தல், உரசுதல் என்னும் பொருள் காட்டப்படுகிறது. முட்டையிடும் காலத்தில் மீன்கள் ஆற்றின் அடித்தரையில் வயிற்றை உரசுவதை அந்நாட்டு மீனவர்கள் கவனித்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்பளிக்கப் போவதில்லை. ஆயினும் விதை என்ற முதற்கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் தற்செயலாக நேர்ந்த இந்தக் குழப்பம் தமிழில் வேரிலேயே இருக்கிறது. கோழி குஞ்சு பொரிக்கிறது. அடுப்பில் மீன் பொரிக்கிறோம். முட்டை பொரிவதும் நெல் பொரிவதும் ஒரே வினையால் சொல்லப்படுகின்றன. நெல்லைச் சூடான மணலில் இட்டால் உமி வெடித்து உள்ளே இருப்பது மலர்ந்து வெளியே வருகிறது. அடைகாத்த முட்டையிலும் ஓடு வெடித்து உள்ளிருப்பது வெளியே வருகிறது. வெடித்து விரிதல் என்ற பொதுக் கருத்தே இரண்டு பொருளுக்கும் அடியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே மீன் குஞ்சு பொரிப்பகம் என்று தூய தமிழில் எழுதியிருந்தாலும், பசித்த குழந்தைக்கு அது வேறு மாதிரிதான் புரிந்திருக்கும். (உணவகப் பலகைகளில் ‘மீன் பொறித்தது’ என்று வல்லின றகரம் போட்டு எழுதுகிறார்கள். பொறித்தல் என்பது கல்லிலும் செப்பேட்டிலும் எழுத்தை வெட்டுவது. சோழன் இமயத்தில் புலி பொறித்தான் என்பார்கள். அவன் அதைப் பொரிக்கவில்லை.)

விரலிக்கு வருகிறேன். மஞ்சள் மண்டியில் விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரிப்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாய்க் கிழங்கிலிருந்து பக்கவாட்டில் விரல்போல் நீண்டு கிளைப்பது விரலி. விரல் என்ற பெயரோடு இகர விகுதி சேர்ந்து, விரலைப் போன்றது என்ற பொருளைத் தருகிறது. மீன்வளத் துறையினர் ஆங்கிலத்தின் ஃபிங்கர்லிங் என்ற சொல்லைத் தமிழாக்க முற்பட்டபோது அதே வார்ப்பில் இன்னொரு விரலி பிறந்தது. மொழிபெயர்ப்புச் சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, படித்தவுடன் பல்லில் கல்லாய் இடறும், இது இடறவில்லை. தமிழில் அந்த வார்ப்பு மஞ்சளுக்காக முன்னமே ஆயத்தமாக இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஃபிங்கர்லிங் என்ற ஆங்கிலச் சொல் விரல் நீளத்தால் வந்ததென்பது எளிய விளக்கம். சால்மன் மீனின் குஞ்சுக்கு விலாவில் விரல் பதித்தாற்போல் கரும்பட்டைகள் இருப்பதால் வந்ததென்று வேறொரு விளக்கமும் கூறுவதுண்டு. அணிலின் முதுகில் இராமன் தடவிய விரல் தடம் இருக்கிறது என்று நாம் சொல்வதில்லையா, அதுபோல.

ஓர் எச்சரிக்கை. விரலியை ‘விறலி’ என்று எழுதிவிட வேண்டாம். விறல் என்றால் வலிமை, வெற்றி. விறலி சங்க காலத்தில் பாணரோடு ஊர் ஊராகச் சென்ற ஆடல் மகள். ‘விறலி மஞ்சள்’ என்று அச்சிட்ட பொட்டலத்தை நானே வாங்கியிருக்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விதான் கனமானது. தொல்காப்பியத்தின் மரபியல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களைச் சொல்லி, எது எதற்கு உரியது என்று பிரித்துக் காட்டுகிறது. பறப்பவற்றுக்குப் பார்ப்பும் பிள்ளையும், தவழ்பவற்றுக்கும் அவையே. எலிக்கும் அணிலுக்கும் குட்டி, நாய்க்கும் பன்றிக்கும் குருளை, ஆட்டுக்கு மறி, யானைக்குக் கன்று. இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர் நீர்வாழ் உயிர்களை மறந்தவர் அல்லர். ஆண்பாற் பெயர் சொல்லுமிடத்தில், நீர்வாழ் சாதிக்குப் போத்து என்ற பெயர் உரியது என்கிறார். கடலில் வாழும் சுறாவின் ஆணை ஏறு என்று அழைக்கலாம் என்கிறார். பெண்பாற் பெயர் சொல்லுமிடத்தில் நத்தையைக்கூட விடவில்லை, அதற்கு நாகு என்ற பெயரைத் தருகிறார். ஆனால் மீனின் இளமைக்கென்று ஒரு பெயரை அவர் தனியே எடுத்துச் சொல்லவில்லை. மீன் பறப்பதும் இல்லை, தவழ்வதும் இல்லை.

அந்த ஒன்பதில் குஞ்சு இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆகவே குஞ்சைக் கோழிக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்க இலக்கணத்தில் சான்று கிடையாது. மலையாளத்தில் குஞ்ஞு என்பது மனிதக் குழந்தை. கன்னடத்தில் குன்னி என்றால் நாய்க்குட்டி. தெலுங்கில் யானைக் கன்றைக் குன்ன என்று கூறுவர். நம்மிடமும், திருமணத்துக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறவர்களைக் ‘குஞ்சு குளுவானோடு கிளம்பிவிட்டார்கள்’ என்கிறோமே, அங்கே இறகு முளைத்த ஒருவரும் இல்லை. சின்னஞ்சிறியது என்பதே இந்தச் சொல்லின் பழம்பொருள். பறவைக்கென்று அது குறுகியது பின்னால் நேர்ந்தது. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ற பழமொழியில் இருப்பது இரவல் சொல் அன்று. மீனுக்கும் அதில் பங்கு உண்டு.

கேள்வி: என் பக்கத்து வீட்டில் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. மழை நாளில் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது நீரின் மேல் செந்நிறமாக ஏதோ கும்பல் கும்பலாக நகர்வதைக் காட்டி, அந்த வீட்டுப் பெரியவர் ‘வரால் பார்ப்பு’ என்றார். பார்ப்பு என்ற சொல்லை நான் பள்ளிச் செய்யுளில்தான் படித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதானா?
– ஒரு வாசகி, சூரமங்கலம், சேலம்

பதில்: ஒன்றேதான், அம்மா. மேலே சொன்ன ஒன்பது இளமைப் பெயர்களில் முதலாவதாக நிற்கும் பார்ப்பு அது. நாம் பாட நூலுக்குள் பூட்டி வைத்துவிட்ட சொல்லை மலையாளிகள் ஏரிக்கரையில் இன்னும் புழங்குகிறார்கள். மலையாளத்தில் பார்ப்பு என்றால் கூட்டமாகத் திரியும் மீன் குஞ்சுகள். பெரும்பாலும் விரால் (வரால்) குஞ்சுகளைப் பற்றியே அப்படிப் பேசுவார்கள்.

சங்க இலக்கியத்தில் இந்தச் சொல் நீர்வாழ் உயிர்களுக்கும் வருகிறது. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதியில், புலவிப் பத்து என்ற ஒரே பத்துக்குள் இரண்டு வகைப் பார்ப்புகளைக் காண்கிறோம். ‘தன் பார்ப்புத் தின்னும் அன்பில் முதலை’ என்பது 41ஆம் பாட்டு. ‘தீம்பெரும் பொய்கை யாமை இளம்பார்ப்புத் தாய்முகம் நோக்கி வளர்ந்திசின்’ என்பது 44ஆம் பாட்டு. ஆமைக் குஞ்சு தாயின் முகத்தைப் பார்த்தே வளரும் என்பது அக்கால நம்பிக்கை. அதுபோலத் தலைவி உன் மார்பைப் பார்த்தே வாழ்கிறாள், அறிந்து நடந்துகொள் என்று தோழி தலைவனுக்கு இடித்துரைக்கிறாள். பெற்ற பிள்ளையையே தின்னும் முதலையும், முகம் பார்த்தே வளரும் ஆமைக் குஞ்சும் ஒரே பத்தில் அருகருகே நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆமைக்கும் முதலைக்கும் வந்த சொல் மலையாளத்தில் விராலுக்குச் சென்றது எப்படி? இங்கே மீனின் இயல்பையும் பார்க்க வேண்டும். கெண்டை முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். விரால் அப்படி அன்று. முட்டை மிதக்கும் இடத்தைக் காவல் காக்கும். குஞ்சு வெளிவந்த பின்னும் பல நாள் கூட்டத்தின் கீழேயே தாயும் தந்தையும் திரியும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் பந்தாகத் திரண்டு, காற்றுக்காக அடிக்கடி நீர்மட்டத்துக்கு வரும். நீங்கள் கண்டது அதுதான். சிறு வயதில் பனமரத்துப்பட்டிப் பக்கத்து ஏரி ஒன்றில் அந்தச் செந்நிறப் பந்துக்குள் நான் கைவிட்டபோது, கீழிருந்து ஏதோ ஒன்று மணிக்கட்டில் மோதிய வேகம் இன்றும் நினைவிருக்கிறது. குஞ்சோடு திரியும் விராலைப் பிடிக்கக் கூடாது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. காவல் போய்விட்டால் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் ஒரே நாளில் முடித்துவிடும். அடுத்த ஆண்டு ஏரியில் விரால் இராது.

தாயோடு சேர்ந்து திரியும் இளமைக்குத் தாய்முகம் நோக்கும் ஆமைக் குஞ்சின் பெயர் பொருந்தியது என்பது என் ஊகம். பார்த்துப் பார்த்து வளர்ப்பதால் பார்ப்பு என்று சொற்பொருள் கூறினால் கேட்க இனிமையாக இருக்கும். அந்த இனிமைக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஓடைகளில் பொடி மீன்கள் நிறைய உள்ளன. பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அவை வளர்ந்ததாகவே தெரியவில்லை. இவை எந்த மீனின் குஞ்சுகள்?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: எந்த மீனின் குஞ்சுகளும் அல்ல. முழுதாக வளர்ந்த சிறு மீன்கள். சிறுமையையும் இளமையையும் ஒன்றாக எண்ணுவது பொதுவாக நேரும் பிழை. அயிரை மீன் எவ்வளவு முதிர்ந்தாலும் விரல் நீளத்தைத் தாண்டாது, நெத்திலியும் அப்படியே. பொடி மீன் என்பது உருவத்தைச் சொல்லும் பெயர். குஞ்சு என்பது பருவத்தைச் சொல்லும் பெயர். சேர்வராயன் மலையின் ஓடைகள் ஆழமற்றவை, விரைந்து ஓடுபவை. அங்கே பெரிய உடலை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. கரையோரத் தேக்கத்தில் கறுப்பாகத் திரள்பவையாக இருந்தால் அவை மீனே அல்ல, தவளையின் தலைப்பிரட்டைகள். சில வாரங்களில் அவற்றுக்குக் கால் முளைப்பதைப் பார்க்கலாம்.

கேள்வி: வண்ண மீன் கடையில் ‘கப்பி குட்டி போட்டிருக்கிறது’ என்கிறார்கள். சுறாவுக்கும் குட்டி என்கிறோம். கெண்டைக்கு மட்டும் ஏன் குஞ்சு?
– ஒரு கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: மக்களின் காது இலக்கண நூலைவிடக் கூர்மையானது என்பதற்கு உங்கள் கேள்வியே சான்று. கப்பி முட்டையிடுவதில்லை, நீந்தும் குஞ்சாகவே ஈனுகிறது. சுறாவிலும் பல இனங்கள் உயிருள்ள குட்டியையே ஈனுகின்றன. முட்டையிலிருந்து வெளிவருவது குஞ்சு, வயிற்றிலிருந்து நேரே வருவது குட்டி என்ற ஒரு கணக்கை யாரும் வகுத்துத் தராமலேயே பேச்சுத் தமிழ் கையாண்டு வருகிறது. கப்பி தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன். அதற்குத் தமிழ்ப் பெயர்கூட இல்லை. ஆனால் அது ஈனுவதைக் கண்ணாடித் தொட்டியில் கண்டவுடன் நம்மவர் சரியான சொல்லைப் பொருத்திவிட்டார்கள்.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லும் என்று எண்ணிவிட வேண்டாம். நல்ல பாம்பு முட்டையிடுகிறது, ஆனாலும் பாம்புக் குட்டி என்கிறோம். எலி குட்டி ஈனுகிறது, ஆனால் கண் திறவாமல் மயிரில்லாமல் செக்கச்செவேலென்று கிடப்பதைப் பார்த்து எலிக்குஞ்சு என்கிறோம். கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை ஆகியவற்றில் பிள்ளை என்பது இளமையையே குறிப்பதில்லை. கிழக் கீரியும் கீரிப்பிள்ளைதான்.

கேள்வி: கடைக்காரர் ‘செனை மீன்’ என்று தனியாக எடுத்து வைத்து விலை கூட்டிச் சொல்கிறார். செனை என்பது கொச்சையா?
– ஒரு இல்லத்தரசி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: சினை என்பதன் பேச்சு வடிவம். கொச்சை என்று ஒதுக்க வேண்டியதில்லை. இலை எலை ஆனது போலத்தான். சினை என்றால் கிளை, உறுப்பு, கரு, மீன் முட்டை எனப் பல பொருள் உண்டு. சினை மாடு என்பதில் கரு. இலக்கணத்தில் சினைப்பெயர் என்பதில் உறுப்பு. மீனின் முட்டை வயிற்றுக்குள் கொத்தாக இருக்கும் வரையில் சினை. நீரில் விட்ட பிறகு முட்டை. பெருங்கெண்டைகள் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சினைப்படும் என்பதால் ஆடி, ஆவணியில் உங்கள் கடைக்காரர் அடிக்கடி விலை கூட்டுவார்.

கேள்வி: அரசு அறிவிப்புகளில் ‘மீன் விதைப் பண்ணை’ என்று எழுதுகிறார்கள். விதை மரம் செடிகளுக்கு உரியது. உயிருள்ள மீனை விதை என்பது மொழிக்கு இழுக்கு அல்லவா? இது ஆங்கிலத்தின் நேர் பெயர்ப்பு என்று எங்கள் தமிழாசிரியர் வருந்துகிறார்.
– ஒரு விவசாயி, ஆத்தூர்

பதில்: நேர் பெயர்ப்பு என்பது உண்மைதான். இழுக்கு என்பதை மட்டும் நான் ஒப்பவில்லை. தங்கள் ஆசிரியரிடம் மரபியலின் ஒரு நூற்பாவை நினைவூட்டுங்கள். பிள்ளை, குழவி, கன்று, போத்து என்ற பெயர்களை ஓரறிவு உயிராகிய மரம் செடிகளுக்கும் கொள்ளலாம் என்று தொல்காப்பியரே இசைவு தந்திருக்கிறார். அந்த இசைவின் பேரில்தான் தென்னம்பிள்ளையும் வாழைக்கன்றும் மாங்கன்றும் உங்கள் தோட்டத்தில் நிற்கின்றன. அன்று பயிர் விலங்கினிடம் பெயரைக் கடன் வாங்கியது. இன்று மீன் பயிரிடம் வாங்கினால் கணக்கு நேராகிறது. மேலே முதல் பதிலில் ஃப்ரை என்பதற்குப் பழைய நார்ஸ் மொழியில் விதை என்ற பொருள் காட்டப்படுவதைச் சொன்னேன். வடகடல் மீனவரும் ஆத்தூர் விவசாயியும் ஒரே உவமையில் சந்திக்கிறார்கள் என்றால், உவமை இயற்கையானது என்றுதான் பொருள்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கட்லா, ரோகு போன்ற கங்கைக் கெண்டைகள் குளத்தில் வளருமே தவிர, தேங்கிய நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. வெள்ளம் புரளும் ஆறு வேண்டும். அதனால் மழைக்காலத்தில் வடநாட்டு ஆறுகளில் மெல்லிய வலை கட்டிக் குஞ்சுகளைச் சேகரித்து, இரயிலேற்றித் தொலைதூரம் அனுப்பினார்கள். எது எந்த மீனின் குஞ்சு என்று பிரிக்க வழியில்லை. நல்ல விதையோடு களை விதையும் கலந்து வந்ததுபோல் வேண்டாத மீனும் சேர்ந்தே வந்தது. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிக்குஞ்ஞியும், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்திப் பெருங்கெண்டையைச் சினைவிடச் செய்ததில் வெற்றி பெற்றார்கள். அந்த நாளை நாடு முழுவதும் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதன் பிறகே, இன்ன மீனின் குஞ்சு இத்தனை ஆயிரம் என்று தரம் பிரித்துக் கேட்டு வாங்க முடிந்தது. விதைப் பண்ணை என்ற பெயருக்கும் பொருள் வந்தது. சேலத்து விவசாயி விதை நெல்லுக்குக் கேட்கிற கேள்விகளையெல்லாம் மீன் குஞ்சுக்கும் கேட்கலாம் என்றான பின், அதை விதை என்று சொல்வதில் என்ன தவறு?

(மீன் குஞ்சுக்கு வழி கண்ட இருவரில் ஒருவரின் பெயரிலேயே குஞ்ஞி இருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. சிறியவன், செல்லப் பிள்ளை என்ற பொருளில் கேரளத்தார் சூட்டும் பெயர் அது.)

ஆனால் ஓர் இடத்தில் தங்கள் ஆசிரியரோடு சேர்ந்து நானும் வருந்துகிறேன். ‘அணையில் இரண்டு இலட்சம் மீன் குஞ்சுகள் இருப்பு செய்யப்பட்டன’ என்று செய்திகளில் எழுதுகிறார்கள். இருப்பு வைப்பது அரிசி மூட்டையை. ஏரியில் குஞ்சு விட்டோம் என்று ஊரார் சொல்வதில் ஒரு குறையும் இல்லையே.

கேள்வி: மேட்டூருக்கு அருகில் சிறிய மீன் பண்ணை வைத்திருக்கிறேன். பலகையைப் புதிதாக எழுத வேண்டும். படிப்பவருக்கு உடனே புரியும்படி தமிழில் எப்படி எழுதலாம்? பண்ணைக்கு எதிரிலேயே மீன் வறுவல் கடை இருப்பதால், சுற்றுலா வருகிறவர்கள் என்னிடம் வந்து தட்டு கேட்கிறார்கள்.
– ஒரு பண்ணையாளர், மேட்டூர்

பதில்: இந்த மாதத்து முதல் கேள்வி உங்கள் பலகையைப் பற்றியதுதானோ என்று எனக்கு ஓர் ஐயம். 1934இல் அணை கட்டி முடிந்ததிலிருந்து மேட்டூர் என்றவுடன் சேலத்தாருக்கு நாவூறுவது மீனுக்குத்தான். தட்டு கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

முதல் வரியில் ‘வளர்ப்பு மீன் குஞ்சுகள்’ என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். வளர்ப்பு என்ற சொல் முன்னால் நின்றால் யாரும் தட்டோடு வரமாட்டார்கள். அதன் கீழே நுண்குஞ்சு, இளங்குஞ்சு, விரலி என்று மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நீளத்தை மில்லிமீட்டரிலும், இத்தனை நாள் வளர்ந்தது என்பதையும் குறியுங்கள்; வாங்குகிறவருக்குப் பெயரைவிட நாள் கணக்கே பயன்படும். விரலி என்பதை மட்டும் தனித்து விடாமல் ‘மீன் விரலி’ என்று சேர்த்தே எழுதுங்கள், லீ பஜாரிலிருந்து ஆள் வராமல் இருக்கும். பொரிப்பகம் உண்டு என்று தெரிவிக்க வேண்டுமானால் ‘குஞ்சு பொரிப்பகம்’ என்று முழுமையாக எழுதுங்கள். இடம் போதவில்லை என்று ‘மீன் பொரிப்பு’ எனச் சுருக்கினால் வம்பு. ஃப்ரை என்ற சொல்லைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதை எதிர்க் கடைக்காரருக்கே விட்டுக்கொடுத்துவிடலாம்.